சடச்சி வளைவு

உள்ள போயிராதீங்க தம்பி. கொஞ்சம் இப்பிடி உக்காருங்க. மேடம் இன்னும் வரல. உள்ள இருக்குற ஆளுக ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு, எழவு வீட்ல பாடி வர்றதுக்குக் காத்துக் கெடக்குற மாதிரி உக்காந்திருக்காக. இங்கன நல்லாக் காத்து வருது. உக்காருங்கங்கிறேன்.

புது ஆளுதான? அந்த ஸ்கேன் கவர மடியில வச்சு அணைச்சிருக்கீங்க பாருங்க, அதுலயே தெரியுது. பழைய ஆளுக அதையெல்லாம் கொண்டாரமாட்டாக. என்னது? பேசச் சிரமமா இருக்கா? நாக்குலயா? பாதி எடுத்துட்டாகளா? சரி, விடுங்க, நீங்க பேச வேணாம். நான் பேசுறேன். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க.

எம் பேரு பெத்தணன். போடிநாயக்கனூரு. கவர்மெண்டு பஸ்ஸுல டிரைவரா இருந்து ரிடையரானவன். போடிமெட்டு ஏறி மூணாறு போற லைனு. எனக்குப் பெருங்குடல்ல வந்துச்சு. ஒரு சாண் நீளம் வெட்டி எடுத்துட்டு, மீதிய இழுத்து முடிஞ்சு விட்டுட்டாய்ங்க. கீமோவும் முடிஞ்சுச்சு. 'இனிமே நீங்க நார்மல், தைரியமாப் போயிட்டு வாங்க'ன்னு டாக்டரு கையப் பிடிச்சுக் குலுக்கினாரு. வீட்ல பாயாசம் வச்சாக. மருமக எனக்குன்னு புது வேட்டி எடுத்தாந்துச்சு. அன்னையிலருந்து பிடிச்ச நடுக்கம் தம்பி. ஒங்களுக்கும் அதான? தலை வலிச்சா மூளைக்கு ஏறிருச்சு. இருமுனா நெஞ்சுக்கு வந்துருச்சு. ஊசி போடுற காலத்துல இல்லாத பயம், ஊசிய நிப்பாட்டினப்பறம் வருது.

எங்க லைன்லயும் அப்பிடித்தான். மலை ஏறயில கை நடுங்காது. மேல போய் வண்டிய ஆஃப் பண்ணிட்டு, டீய வாங்கிக் கையில பிடிக்கையிலதான் கிளாசு ஆடும். அந்த மாதிரி ஆளுகளுக்குத்தான் இந்தக் குரூப்பு. சனிக்கிழமை சனிக்கிழமை வட்டமா உக்காந்து ஆளாளுக்குப் பயத்தச் சொல்லணும். நடத்துறது இந்த ஆஸ்பத்திரியில கவுன்சிலிங் குடுக்குற யாழினி மேடம்னு ஒரு சின்னப் புள்ள. நல்ல புள்ள. பயம் வந்தா அதுக்குப் பேரு சொல்லிக் கூப்பிடணும், மூச்ச வயித்துக்கு இழுத்துப் பைய விடணும், கவலப்படுறதுக்குன்னு சாயங்காலம் அரைமணி நேரம் ஒதுக்கி அப்பத்தான் கவலப்படணும். சிரிக்காதீங்க, கேக்கும். யாராவது ஒருத்தரு பயத்த ஜெயிச்சேன்னு சொன்னா எல்லாரும் கை தட்டணும். இதான் நடைமுறை.

இதே மாதிரி புதன்கெழமையும் ஒரு குரூப்பு நடக்குது தம்பி. மாடியில. ஏசி ரூமு. ஒங்கள அங்கன போகச் சொல்றதுக்குத்தான் உக்கார வச்சேன். ஏன்னு கேக்குறீங்களா? சொல்றேன். முழுசாக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா நான் பேசுனேன்னு மேடத்துட்ட சொல்லிராதீங்க. ரூமுக்கு வெளிய யார்ட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கு அது. என்னையப் போயி. முப்பது வருசம் ஆளுகள ஏத்தி எறக்குனவன.

ஒரு சனிக்கிழமை பெரிய டாக்டரு வந்து உக்காந்தாரு. என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னாரு. எங்க குரூப்புல பிலோமினா டீச்சர்னு ஒருத்தக. கணக்கு டீச்சரு, ரிடையராயிட்டாக. கர்ப்பப்பைய எடுத்தவுக. அவுகதான் தைரியமாக் கேட்டாக, 'டாக்டர், எங்களுக்குத் திரும்ப வர்றதுக்கு எவ்வளவு வாய்ப்பு'ன்னு. அவரு, 'பொதுவாச் சொன்னா பத்துல ரெண்டு பேருக்கு வரலாம். அது ஊருபட்ட ஆளுகளச் சேத்துப் பாத்துச் சொல்ற கணக்கு. ஒங்களுக்கு வருமா வராதாங்கிறது அதுல தெரியாது'ன்னாரு. எல்லாரும் கண்ணத் தொடச்சாக. நான் வட்டத்த ஒரு சுத்து எண்ணிப் பாத்தேன். டாக்டரையும் மேடத்தையும் விட்டுட்டு பத்துச் சேரு. சரியாப் பத்து. இதுக்கு மேல என்ன தெரியணுங்கிறேன்?

போடிமெட்டு ரோட்டுல சடச்சி வளைவுன்னு ஒன்னு இருக்கு. போர்டுல வெறும் நம்பரு போட்டிருப்பாய்ங்க, டிரைவருக சொல்றது சடச்சி வளைவு. அது வருசத்துக்கு ஒன்னு கேக்கும். லாரியோ, ஜீப்போ, பைக்குல போற சின்னப் பயலோ, ஏதோ ஒன்னு. தை மாசத்துலயே ஒரு வண்டி கவுந்துருச்சுன்னு வைங்க, டெப்போவுல எல்லாரும் அய்யோ பாவம்பாய்ங்க. நாங்களே அங்கன வண்டிய நிப்பாட்டி, எலுமிச்சம்பழம் வச்சு, சூடம் கொளுத்திக் கும்புட்டுட்டுப் போவோம். மனசு கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா அன்னைக்கு மேல போய்க் குடிக்கிற டீ இருக்கே, அதுக்கு ஒரு ருசி உண்டு தம்பி. இந்த வருசத்துக்கு அது வாங்கிருச்சு. இனிமே நம்ம வண்டிய ஏறெடுத்தும் பாக்காது. அப்பறம் ஒத்தக் கையில ஸ்டியரிங்கு, ஒத்தக் கையில வெத்தலைன்னு வருசம் பூராப் போவோம். அதே, மார்கழி பொறந்தும் அது ஒன்னும் வாங்காம கெடக்குதுன்னு வைங்க. அந்த வளைவுல வண்டிக்குள்ள ஒரு பய மூச்சு விடமாட்டான். கண்டக்டரு டிக்கெட்டு கிழிக்கிறத நிப்பாட்டிருவான்.

பத்துல ரெண்டுன்னு டாக்டரு சொன்னதும் எனக்கு அந்த வளைவுதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு.

முதல்ல போனது சீனிச்சாமி. ஆண்டிபட்டியில அரிசிக்கடை. தாடையில ஆபரேசன் ஆன ஆளு. பாதி வாயில சிரிச்சுக்கிட்டே எல்லாரையும் சிரிக்க வைப்பாரு. ஒரு சனிக்கிழமை வரல. மேடம் தலையக் குனிஞ்சுக்கிட்டு, அவருக்குக் கழுத்துல மறுபடி வந்திருக்குன்னு சொல்லுச்சு. எல்லாரும் அழுதாக. நானும் அழுதேன், ஏன் பொய் சொல்லணும். நல்ல மனுசன். ஆனா அன்னைக்கு ஊருக்குத் திரும்பற பஸ்ஸுல உசிலம்பட்டி தாண்டல, தூங்கிட்டேன் பாருங்க. ஆபரேசனுக்கப்பறம் அதுதான் முதல் தூக்கம். போடி பஸ் ஸ்டாண்டுல கண்டக்டரு தோளத் தட்டித்தான் எழுப்பினான்.

ஒன்னு போச்சு. இன்னும் ஒன்னு பாக்கி.

அந்த நேரம் பாத்துத்தான் எனக்குக் காலைல ரத்தம் போக ஆரம்பிச்சுச்சு. மூலம்தான். இஞ்சின் சூட்டுல முப்பது வருசம் உக்காந்தவனுக்கு மூலம் வராம வேற என்ன வரும்? இருந்தாலும் மனசு கேக்குமா? ஒம்பது பேரு உக்காந்திருக்கோம், ஒன்னு பாக்கி கெடக்கு. நான் பாட்டுக்கு ஒவ்வொரு மூஞ்சியாப் பாப்பேன். யாரு? யாரு? டீச்சரு கல்லு மாதிரி, ஒன்னும் ஆகாது. பழனிசெட்டிபட்டியிலருந்து ஒரு சின்னப் பொண்ணு வரும், கல்யாணமே ஆகல. அது தலையில விழுந்துரக் கூடாது சாமின்னு நெசமாவே வேண்டிக்கிட்டேன். எனக்கும் மனசுன்னு ஒன்னு இருக்குல்ல.

அப்பறம் பவுன்தாய். எங்க ஊருதான் அவ. ஏலக்காக் கடையில தரையில உக்காந்து காய் பொறுக்குற வேலை. மார்புல வந்து ஒரு பக்கம் எடுத்துட்டாக. புருசன் இவளுக்கு நோவுன்னதும் கெளம்பிட்டான். ஒரே மக, சுகப்பிரியா, பன்னெண்டாவது படிக்கிது. என்னைய அண்ணே அண்ணேன்னு உசுரா இருப்பா. சனிக்கிழமை ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதான் மதுரைக்கு வருவோம். வர்ற வழியில எனக்கு வடை வாங்கித் தருவா. நான் வேணாம்னாலும் விடமாட்டா.

தம்பி, டிரைவருக்குக் கண்ணு ரோட்டுல மட்டும் இருக்காது. கண்ணாடியில பாத்தே எவன் வாந்தியெடுக்கப் போறான், எவ புள்ளத்தாச்சின்னு சொல்லிருவேன். பயத்துல வலிக்குதுங்குற பொம்பள, வண்டி தூக்கிப் போட்டப்பறம் அம்மான்னு கத்தும். பவுன்தாய் அப்பிடி இல்ல. செக்கானூரணி ஸ்பீட் பிரேக்கரு வர்றதுக்கு முன்னாடியே முன்சீட்டுக் கம்பிய எட்டிப் பிடிச்சு, இடுப்ப சீட்டவிட்டுத் தூக்கிக்குவா. பல்லக் கடிச்சுக்குவா. சத்தம் வராது. அது எலும்புல இருக்கிற வலி. பாத்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

அப்பறம் அவளே வாயத் தொறந்து கேட்டா. 'அண்ணே, முதுகு வலி விட மாட்டேங்குது. குனிஞ்சு காய் பொறுக்க முடியல. மேடத்துட்ட சொல்லவா? சொன்னா ஸ்கேன் எடுக்கச் சொல்லுவாகளே. அந்தக் குழாய்க்குள்ள போனா எனக்கு உசுரே நின்னு போகுதுண்ணே'ங்குறா. கண்ணுல தண்ணி நிக்கிது.

நீங்களே சொல்லுங்க தம்பி. அவளுக்கு அப்ப டாக்டரா வேணும்? 'ஒன்னுமில்லத்தா'ன்னு சொல்ல ஒரு வாய் வேணும். என் வாய் சும்மாத்தான இருந்துச்சு. 'ஏத்தா, மேடம் என்ன சொல்லிக் குடுத்துச்சு? அது வலி இல்ல, பயம். பயம்தான் முதுகுல வந்து உக்காந்துக்கிட்டு வலின்னு பேரு சொல்லுது. மூச்ச இழுத்துப் பைய விடு, எறங்கிப் போயிரும்'னேன். மேடம் சொன்னதத்தான் சொன்னேன். என் சொந்தச் சரக்கு ஒன்னுமில்ல.

மேடம் அதோட வாலா இன்னொன்னையும் சொல்லும். புதுசா ஒரு வலி வந்து ரெண்டு வாரம் தாண்டியும் நின்னா, அதப் பயம்னு விட்றக் கூடாது, ஒடனே டாக்டர்ட்ட வரணும்னு. பவுன்தாய்க்கும் அது ஞாபகம் இருந்துச்சு. 'ரெண்டு வாரம்னு சொன்னாகளேண்ணே'ன்னு ஒருநா இழுத்தா. 'அது ஒரே எடத்துல வலிச்சா. ஒனக்கு இன்னைக்கு மேல வலிக்குது, நாளைக்குக் கீழ வலிக்குது. அது எப்பிடி ஒரே வலியாகும்?'னேன்.  'ஆமால்ல'ன்னு சிரிச்சா. அவ வாய்விட்டுச் சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். மனசு நெறஞ்சு போச்சு தம்பி, சத்தியமா.

என்ன இப்பிடிப் பாக்குறீங்க? நீங்களும் டீச்சர் மாதிரி பாக்குறீங்களே.

நான் ஒன்னு கேக்குறேன். அவ ஓடிப் போயி ஸ்கேன் எடுத்து, ஆரம்பத்துலயே பாத்து, ரேடியேசன் கரண்டு வச்சு சரி பண்ணிட்டாகன்னு வைங்க. அப்ப அது என்ன கணக்குல சேரும்? எங்க வளைவுல, பிரேக்கப் பிடிச்சு ஓரத்துல நின்ன வண்டிய யாரும் எண்ண மாட்டாய்ங்க. கவுந்தாத்தான் கணக்கு. இத நான் அப்ப நெனச்சேன்னு சொல்லல. இப்ப ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

ஒரு சனிக்கிழமை வட்டத்துல அவ எந்திரிச்சு நின்னு, 'மேடம், முதுகுல பயம் வந்துச்சு. பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், போயிருச்சு'ன்னா. மேடத்துக்கு முகமெல்லாம் பல்லு. இருந்தாலும் கேட்டுச்சு, 'எத்தனை நாளா இந்த முதுகுவலி பவுன்தாய்?'னு. அவ என்னையப் பாத்தா. நான் மேல ஃபேனப் பாத்தேன். 'இன்னைக்குக் காலைலதான் மேடம்'னா. எல்லாரும் கை தட்டினாக. மேடமும் தட்டுச்சு. டீச்சரும்தான் தட்டினாக. அத மட்டும் இப்ப எல்லாரும் மறந்துட்டாக. நான் ஒருத்தனா தட்டுனேன்?

அப்பறம் ஒருநா ஏலக்காக் கடையில உக்காந்தவ எந்திரிக்கல. இடுப்புக்குக் கீழ காலு ரெண்டும் அவளோடது இல்லாமப் போச்சு. மூட்டை தூக்குற ஆளுக நாலு பேரு சேந்து தூக்கி வண்டியில போட்டு இங்க கொண்டாந்து சேத்தாக. முதுகெலும்புல வந்து, எலும்பு நொறுங்கி நரம்ப நெருக்கிருச்சாம். ஈரல்லயும் இருக்குன்னாக.

சேதி கேட்டதும் நான் ஆரஞ்சு வாங்கிக்கிட்டு ஓடியாந்தேன். வார்டு நர்சப் பிடிச்சு, 'உறுதியாத்தான் சொல்றாகளா? நல்லாப் பாத்துட்டாகளா? மாறி கீறிப் போயிருக்காதுல்ல?'ன்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன். 'உறுதிதாங்கய்யா'ன்னுச்சு அந்தப் புள்ள. எனக்கு அப்பிடியே அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. அண்ணன் போலருக்குன்னு அது என் கையப் பிடிச்சு உக்கார வச்சு, தண்ணி குடுத்துச்சு. எந்த அழுகைன்னு அதுக்கு என்ன தெரியும்?

உள்ள போனா டீச்சர் உக்காந்திருக்காக. மக சுகப்பிரியா அவ காலத் தேச்சு விட்டுக்கிட்டு இருக்கு, அவளுக்குத் தேய்க்கிறதே தெரியல. என்னையப் பாத்ததும் பவுன்தாய் மூஞ்சி மலந்துச்சு பாருங்க. 'டீச்சர், அண்ணன் மட்டும் இல்லைன்னா இந்த நாலஞ்சு மாசமா நான் பயந்தே செத்திருப்பேன். வலிக்கிறப்பெல்லாம் பஸ்ஸுல பக்கத்துல உக்காந்து மூச்சு விடச் சொல்லிக் குடுக்கும். ஒன்னுமில்லத்தா, ஒன்னுமில்லத்தான்னு சொல்லிக்கிட்டே வரும்'னா. இது அவ வாயால சொன்னது தம்பி. சாட்சி டீச்சரே இருக்காக. நான் கெடுதல் செஞ்சவன்னா அவ இப்பிடிச் சொல்லுவாளா?

டீச்சரு என் மூஞ்சியப் பாத்தாக. 'நாலஞ்சு மாசமா?'ன்னு மட்டும் கேட்டாக. என்னைய வெளிய கூப்பிட்டாக. வராந்தாவுல நிக்க வச்சு, 'முன்னாடியே கொண்டாந்திருந்தா காலு போயிருக்காது, இன்னும் கொஞ்ச வருசம் இருந்திருப்பா, மகளுக்கு ஒரு வழி பண்ணியிருப்பான்னு டாக்டர் சொல்றாரு. ஒங்களுக்கு அந்த வலி என்னன்னு தெரியுமா தெரியாதா?'ன்னாக. தெரியும்னேன். பொய் சொல்ற பழக்கம் எனக்கு இல்ல. 'அப்பறம் ஏன்யா?'ன்னு கேட்டாக.  கேக்குறாகளேன்னு நானும் வெவரமாச் சொன்னேன். டாக்டரு சொன்ன பத்துல ரெண்டு, சீனிச்சாமி, சடச்சி வளைவு, எல்லாம். 'இதுல ஒங்களுக்கும் நல்லதுதான் டீச்சர். இனி மிச்சம் எட்டுப் பேரும் நிம்மதியா இருக்கலாம்'னேன். கணக்கு டீச்சரு, அவுகளுக்கு நான் சொல்லித் தரணுமா?

அடிக்கக் கையத் தூக்கினாக. அடிக்கல. கீழ போட்டுட்டு, பைய, பாடம் நடத்துற மாதிரியே சொன்னாக. 'பெத்தணன், நீங்க நூறு வயசு இருப்பீங்க. ஒங்களுக்கு ஒன்னும் வராது. தினம் காலைல எந்திரிச்சு, இன்னைக்கு வந்துருமோ இன்னைக்கு வந்துருமோன்னு பயந்துக்கிட்டே நூறு வயசு வரைக்கும் இருங்க'ன்னாக.

கோவத்துல சொன்னது. ஆனா ஜெபம் பண்ற வாயி தம்பி அது. நூறு வயசுன்னு வந்துருச்சுல்ல? அதுக்கப்பறம் சொன்னத நான் காதுல போட்டுக்கல.

பவுன்தாய் ரெண்டு வாரம் தாங்கல. போடியிலதான் எரிச்சாக. நான்தான் முன்ன நின்னு எல்லாக் காரியத்தையும் பாத்தேன். சுகப்பிரியா ஏலக்காக் கடைக்கே வேலைக்குப் போகுது இப்ப. படிப்ப விட்டுருச்சு. பஸ் ஸ்டாண்டுல பாத்தா மாமான்னு கூப்பிட்டுக் கையப் பிடிச்சுக்கும். அம்மா ஒங்களத்தான் சொல்லிக்கிட்டே இருந்துச்சு மாமாங்கும். அத வந்து இந்த டீச்சரு கேக்கணும்.

அன்னையிலருந்து எனக்கு நல்ல தூக்கம், நல்ல பசி. குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும்னு எழுதிக் குடுத்திருந்தாக, போகல. எதுக்குப் போகணும்? ரெண்டும் முடிஞ்சு போச்சே. ரத்தம் இப்பவும் போகுதுதான், முன்னவிடக் கொஞ்சம் கூடத்தான் போகுது. மூலம் வெயில் காலத்துல அப்பிடித்தான். இப்பிடி நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்தேன் தம்பி. அதத்தான் கெடுத்துப்புட்டாக.

டீச்சரு எல்லாத்தையும் மேடத்துட்ட சொல்லிட்டு, இனிமே அந்த ஆளு இருக்குற வட்டத்துல உக்கார மாட்டேன்னு நின்னுட்டாக. மேடம் என்னையத் திட்டும்னு பாத்தா, அது பாட்டுக்கு அழுகுது. 'நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும். கை தட்டிட்டேன். நான் கை தட்டிட்டேன்'னு அழுகுது. 'நீங்களும் பயத்துலதான் செஞ்சீங்க, ஒங்களையும் கைவிடக் கூடாது'ன்னு சொல்லித்தான் அந்தச் சத்தியத்த வாங்கிக்கிட்டு உக்கார விட்டுச்சு. எளகின மனசு. அதனாலதான் அத எல்லாரும் ஏமாத்திப்புடுறாக.

டீச்சரு வர்றத நிப்பாட்டினப்பறம் ஏழு பேரா இருந்தோம். ஏழுக்கு ஒரு கணக்கும் இல்ல. சுகமா இருந்துச்சு. போன சனிக்கிழமை மேடம் சிரிச்சுக்கிட்டே வந்து, 'அடுத்த வாரம் புதுசா மூணு பேரு வர்றாங்க, நாம மறுபடி பத்து'ன்னுச்சு. எல்லாரும் கை தட்டினாய்ங்க. நான் தட்டல. மறுபடி பத்துன்னா மறுபடி ரெண்டுதான? புது வருசம் பொறந்த மாதிரில்ல ஆயிப்போச்சு? வேணாம் மேடம், ஏழு போதும் மேடம்னு காலப் பிடிக்காத கொறையாக் கெஞ்சினேன். அதுக்குப் புரியல. மூச்ச இழுத்து விடுங்க பெத்தணன்னுச்சு. எனக்கே!

இன்னைக்குப் பஸ்ஸு லேட்டு. நான் வர்றதுக்குள்ள புது ஆளு ரெண்டு பேரு உள்ள போய் உக்காந்துட்டாக. ஒம்பது ஆயிருச்சு. நீங்க அந்த வாசப்படியத் தாண்டுனா பத்து. அதான் தம்பி ஒங்கள உக்கார வச்சேன். ஒங்க நல்லதுக்கும்தான். எதுக்கு வந்து இந்த வட்டத்துல மாட்டணும்? புதன்கெழமை போங்க. அங்க ஆறோ ஏழோதான்.

அந்தா, மேடம் வந்துருச்சு. ஒங்களத்தான் கையக் காட்டிக் கூப்பிடுது. நான் பேசல, நான் சும்மாத்தான் உக்காந்திருக்கேன். எந்திரிச்சுட்டீங்களே? போறீங்களா? இவ்வளவு சொல்லியும் போறீங்களா?

சரி. போறவுகள நான் கையப் பிடிச்சா இழுக்க முடியும்?

தம்பி, ஒரு நிமிசம். அந்தக் கவர விட்டுட்டுப் போறீங்க, இந்தாங்க. நானும் அப்பலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எச்சி முழுங்குறப்பெல்லாம் காதப் பொத்திக்கிறீங்களே, என்ன அது? இழுக்குதா? காது வரைக்கும் சுருக்குன்னு ஏறுதா? புதுசா? எவ்வளவு நாளா? ஒரு மாசம் இருக்குமா?

டாக்டர்ட்ட சொல்லலையா? பயமா இருக்கா?

அட, அழுகாதீங்க. ஒரு ஆம்பள இப்பிடி நடு வராந்தாவுல நின்னு அழுகலாமா? அது ஒன்னுமில்ல தம்பி. என்னைய நம்புங்க, அது ஒன்னுமே இல்ல. ஆபரேசன் பண்ணுன எடம், ஆறுற வரைக்கும் அப்பிடி இப்பிடி இழுக்கத்தான் செய்யும். மீதி பூராப் பயம். அதப் போயி இன்னைக்கே மேடத்துட்ட சொல்லிப் பெரிசு பண்ணிக்கிட்டு இருக்காதீங்க. மூச்ச இழுங்க. அப்பிடித்தான். பைய விடுங்க. பாத்தீங்களா, மூஞ்சி இப்பவே தெளிஞ்சிருச்சு.

ஊருக்கு எந்தப் பஸ்ஸுல போவீங்க? தேனி வழியாவா? நல்லதாப் போச்சு. வாங்க, உள்ள போவோம். எனக்குப் பக்கத்துல உக்காருங்க.